நாற்பது மில்லிநொடி

ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் லினக்ஸ் இயந்திரத்தில் ஊடுருவலைக் கண்காணிக்கும் காவல் நிரல் மட்டும் முரண்டு பிடித்தது. மாலைக்குள் அது ஓடாவிட்டால் பாதுகாப்புத் தணிக்கையாளர்கள் மையத்தின் இணைய இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். ஊடுருவலை உடனே பிடிக்க, மற்ற நிரல்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்காமல் ஓடும் முன்னுரிமை அதற்கு வேண்டும். அந்த முன்னுரிமைக்கென்று ஒவ்வொரு நொடியிலும் மொத்தம் 950 மில்லிநொடி உண்டு. நிரல் குழுக்கள் அதைத்தான் பங்கிட்டுக்கொள்ளும். நிர்வாகி மொத்தத்தையும் காவலின் குழுவுக்கு எழுதினாள். இயந்திரம் மறுத்தது.

தேடியதில், அதில் நாற்பது மில்லிநொடி ஏற்கெனவே பெயரில்லாத ஒரு குழுவிடம் இருந்தது. உள்ளே ஒரே நிரல். அது ஓடத் தொடங்கிய தேதி, இந்த இயந்திரத்தை முதன்முதலாக இயக்கியதற்கு மூன்று நாள் முந்தையது.

"நமக்கெல்லாம் சீனியர் போலிருக்கு, அக்கா," என்றான் உடன் வேலை செய்பவன்.

"சீனியர்னா ஓரமா உட்காரட்டும்," என்று அதை நிறுத்திவைத்தாள்.

பக்கத்து அறையில் எல்லாத் தொலைபேசிகளும் ஒன்றாக அடங்கின. அவற்றுக்கும் இந்த இயந்திரத்துக்கும் இணைப்பே கிடையாது. மறுபடி ஓடவிட்டாள், மணிகள் ஒலித்தன.

"என்னக்கா இது?"

"தெரியலடா. ஆனா காவல் இன்னைக்கு ஓடியே ஆகணும்."

நாற்பதைத் தொடாமல், காவலின் குழுவுக்கு 910 என்று எழுதினாள். காவல் ஓடியது.