கூரைக்கு ஒரு நூல் அளவு

"அளவெல்லாம் எதுக்கு? கண்ணாலயே வெட்டிடலாம்." மகள் நீட்டிய நீல நூலை ஒதுக்கிவிட்டு அப்பா அட்டையில் கத்தரியை ஓட்டினார்.

"நூல் அளவுக்கே இருக்கணும்ப்பா. கம்மியானா உக்காராது."

"எது மேல உக்காராது? கூரை மட்டும் கேக்கறே, சுவர் எங்க?"

"அது இருக்கு."

மடித்து ஒட்டி, சிவப்பு பூசி நிமிர்ந்தார். "எப்படி? உங்க மிஸ் அசந்துடுவாங்க!"

மகள் நூலை வைத்துப் பார்த்தாள். கூரை இரண்டு விரல் குட்டை.

"உங்கம்மா மாதிரியே குறை கண்டுபிடி!"

வாசலில் கார் ஹாரன் ஒலித்தது. மகள் அவசரமாகப் பையை மாட்டிக்கொண்டாள்.

"அம்மா கூட்டிட்டுப் போக வந்துட்டாங்க. சுவர் அம்மா வீட்ல இருக்குப்பா. அவங்களும் நானும் செஞ்சோம். அப்பா, அம்மா ரெண்டு பேரும் சேர்ந்து வீடு செஞ்சு தரணும்னு மிஸ் சொன்னாங்க. அம்மாதான் நூல்ல அளந்து குடுத்தாங்க."

அப்பா பதறிப்போய் வேறு அட்டையை இழுத்தார். "அந்த நூலைக் குடு. அம்மாவைப் பத்து நிமிஷம் இருக்கச் சொல்லு, சரியா வெட்டிடறேன்."

"இருக்க மாட்டாங்கப்பா." குட்டைக் கூரையை ஈரத்தோடு அணைத்துக்கொண்டாள். "உங்களுக்காக நிறைய காத்திருந்தாச்சாம்."