சுண்டெலியில் ஏறிய மாமியார்

"ஒரே ரோடு, ஒரே நோட்டு, ஒரே வாய். ரெண்டு மாப்பிள்ளைக்கும் பக்கத்துல உக்காந்து நானே படிக்கிறேன். அப்புறம் யாரும் ஓரவஞ்சனைன்னு பேசக் கூடாது" என்றார் மாமியார், கொண்டையை ஹெல்மெட்டுக்குள் திணித்தபடி.

யார் பேசப் போகிறார்கள்? ஒர்க்‌ஷாப் அவருடையது. அடுத்த மாத மலை ராலி கார் பந்தயத்துக்கு ஒர்க்‌ஷாப் பெயரில் ஒரே ஒரு வண்டிதான் போகும், இன்று தோற்கிற வண்டியை நாளைக்கே விற்றுவிடுவது என்று தீர்ப்பும் அவரே சொல்லியாயிற்று.

பெரிய மாப்பிள்ளையுடையது நீளமான ஸ்போர்ட்ஸ் செடான். ஆறு சிலிண்டர். நேர் ரோட்டில் விட்டால் கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போய்விடும். சின்ன மாப்பிள்ளையுடையது பின்பக்கம் டிக்கியே இல்லாத குட்டிக் கார். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதையே மறந்து, இரண்டு வருடமாக போல்ட் போல்ட்டாக அவனே கட்டிய வண்டி. சகலை அதற்கு வைத்த பெயர் சுண்டெலி. அது கைவிட்டுப் போனால் புருஷன் நொறுங்கிப் போவான் என்று சின்னவளுக்குத் தெரியும். பாவம், காலையிலிருந்து அவள் ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை.

நோட்டுதான் ராலிக்காரர்களுக்கு உயிர். எந்த வளைவு எவ்வளவு மடங்கும், எங்கே பிரேக், எங்கே அழுத்தலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் படிப்பார், ஓட்டுகிறவர் அப்படியே செய்வார். இந்த நோட்டைப் போன வாரம் மாமியார் செடானில் போய் எழுதியிருந்தார். அது பெரிய வண்டியின் எடைக்கு எழுதியது, என் வண்டிக்கு ஒத்து வராது என்று சின்னவன் மென்று விழுங்கிச் சொல்லிப் பார்த்தான். ரோடு ஒன்றுதானே என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். பெரிய மாப்பிள்ளை மேல் அவருக்குத் தனிப் பிரியம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள்.

ஒன்பது மணிவரை சாலையை அடைக்க அனுமதி. இருபத்து மூன்று வளைவு. ஆளுக்கு ஒரே ஓட்டம். மலை உச்சியில் அக்காளும் தங்கையும் ஸ்டாப்வாட்சோடு நின்றார்கள்.

செடான் முதலில் போனது. ஏழு நிமிடம் பன்னிரண்டு நொடி. அந்தச் சாலையில் இதுவரை யாரும் எட்டுக்குக் கீழே வந்ததில்லை. பெரிய மாப்பிள்ளை மீசையைத் தடவிக்கொண்டார்.

செடானை உச்சியிலேயே விட்டுவிட்டு, மாமியார் மட்டும் ஒர்க்‌ஷாப் ஜீப்பில் கீழே வந்து சுண்டெலியில் ஏறினார். இரண்டு ஹெல்மெட்டையும் இணைக்கும் இன்டர்காம் ஒயரைச் செருகினார்கள். கொடி விழுந்தது.

"வலது மூணு, பிரேக்" என்று காதுக்குள் குரல். அடித்தான். வண்டி தேவையில்லாமல் தவழ்ந்தது. "இடது ரெண்டு, பிரேக்." மறுபடி தவழ்ந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டான் சின்னவன்.

மூன்றாவது வளைவில் குரலே வரவில்லை.

ஓரக்கண்ணால் பார்த்தான். மாமியாரின் உதடுகள் அசைந்துகொண்டுதான் இருந்தன. காதில் இன்ஜின் இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. ஒயர் கழன்றிருக்க வேண்டும். சொன்னால் வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவார், நிறுத்தினால் சுண்டெலி நாளைக்கு வேறு யாருடைய வாசலிலோ நிற்கும். எனவே, கேட்டவனைப் போலத் தலையை ஆட்டிவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தான்.

அப்புறம் பார்க்க வேண்டுமே அந்தச் சுண்டெலியை! செடான் மூச்சு வாங்கி நின்று திரும்பிய கொண்டை ஊசி வளைவுகளில் இது பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் மூக்கை உள்ளே நுழைத்துக்கொண்டது. பின் சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பியது. ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவுக்குத் தயாராகிவிட்டது. நூறு தடவை ஏறி இறங்கிய ரோடு, அவன் கைக்கே வழி தெரிந்தது. பயமும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்க, அவனுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. நடுநடுவே மறக்காமல் தலையையும் ஆட்டினான். மாமியாரின் உதடுகளும் வேகம் பிடித்தன.

உச்சியில் சின்னவள் ஓடி வந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

"ஏழு எட்டுங்க. நாலு செகண்டுல ஜெயிச்சுட்டீங்க."

பெரிய மாப்பிள்ளை பெரிய மனதோடு வந்து கை கொடுத்தார். மூத்தவள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மாமியார் அவள் காதில் விழும்படியே சொன்னார்: "அதே நோட்டுதான்டி படிச்சேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் சின்ன மாப்பிள்ளை என் பேச்சை ஒரு வார்த்தை விடாம கேட்டாரு."

சின்னவனுக்கு உடம்பு கூசியது. எல்லோரும் செடான் பக்கம் போனதும் மாமியாரைத் தனியாக அழைத்தான்.

"அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. மூணாவது வளைவுலயே ஒயர் கழண்டுடுச்சு. நீங்க படிச்சது எதுவும் காதுல விழல. நான் சும்மாதான் தலையாட்டிக்கிட்டு வந்தேன்."

மாமியார் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதுவா எங்க கழண்டுச்சு, நான்தான் பிடுங்கினேன். அந்த நோட்டைக் கேட்டு ஓட்டியிருந்தா நீங்க ஜெயிச்ச மாதிரிதான்."

"அப்போ அவ்வளவு நேரம் என்னத்தைப் படிச்சீங்க?"

"நோட்டை எங்க படிச்சேன்? நீங்க ஓட்டின ஓட்டுக்கு, எனக்குத் தெரிஞ்ச சாமி ஒண்ணு விடாம கூப்பிட்டுக்கிட்டுல்ல வந்தேன்."