ஆலங்கட்டி மழையில் லினேயோ

லெசோத்தோ மலையில், கிறிஸ்தவ இளைஞர் இசை முகாமின் தகரக் கூரைமேல் ஆலங்கட்டி மழை கொட்டுகிறது. பல நாட்டுப் பிள்ளைகள் நாங்கள் தொண்டை கிழியப் பாடுகிறோம். எங்கள் தனிப்பாடகி லினேயோ, வெளியே மரத்தடியில் நனையும் மேளத்தை எடுக்க ஓடுகிறாள். "மின்னுது, போகாதடி!" என்று கத்துகிறாள் டென்மார்க்குக்காரி கீர்ஸ்டன். "தோல் ஊறிப்போனா நாளைக்கு உன் தலையிலயா தட்டுறது?" என்று சிரித்தபடி லினேயோ போய்விடுகிறாள். கண்ணைப் பறிக்கும் வெளிச்சம். இடி விழுந்து மரம் பிளக்கிறது. புகைக்குள்ளிருந்து அவள் எழுந்து வருகிறாள், ஒரு காலில் மட்டும் செருப்பு, காதோரம் ரத்தம். பாடகர் குழுவை நடத்தும் மொகேத்தி ஐயா அழுதுகொண்டே கையை உயர்த்த, நாங்கள் கூரை அதிர ஸ்தோத்திரம் பாடுகிறோம். லினேயோ எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். "ஏன் எல்லாரும் சும்மா வாயை அசைக்கிறீங்க?" என்கிறாள். "பாடுங்களேன்."