பூட்டிய கோட்டைக் கதவு

"வீட்ட வித்துட்டு சாவிய தனியா விக்கிறானுவ, புஷ்பம். ஒத்தப் பைசா குடுக்க மாட்டேன்." இருதயராஜ் கடைசிவரை கொடுக்கவில்லை. அவருடைய வீடியோ கேமில், அவர் பெயரைச் சுமந்த வீரன், தனியாகக் காசு கட்டினால்தான் திறக்கும் என்று பூட்டிய கோட்டைக் கதவின் முன் இரண்டு வருடமாக நின்றான். அவர் இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்ததும் மனைவி புஷ்பம் அந்தக் காசைக் கட்டினாள். "உள்ளதான் போவட்டுமே மனுசன்." பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்று திரை ஆங்கிலத்தில் கேட்டது. ஆஸ்பத்திரியில் நீட்டிய தாளிலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டவள், இதற்கும் சம்மதம் என்று அழுத்தினாள். கதவு போயிற்று, கோட்டை போயிற்று. வெட்டவெளியில் புது ஆள் ஒருவன் நின்றான். பெயர் கேட்டது திரை. எழுத்துக்கூட்டி இருதயராஜ் என்று அடித்தாள். அவன் திரும்பினான். யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.