இரண்டாவது அட்டை

பெங்களூர்க்காரன் சூட்கேஸைத் திறந்து சாமான்களைக் கட்டில் மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினான். சவுரியப்பனுக்கு வாயெல்லாம் பல்.

இருக்காதா பின்னே? தருமபுரியில் கல்யாண வீடியோ எடுக்கிறவர் அவர். இரண்டு வீடியோ டெக்கை ஒயரால் இணைத்து, பட்டனில் விரலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டி ஒட்டியே காலம் போய்விட்டது. பெண் மாப்பிள்ளை பேர் வர வேண்டுமென்றால் தாளில் எழுதிக் கேமரா முன்னால் தூக்கிப் பிடிக்க வேண்டும். எண்பத்தொன்பதாம் வருடம் பிறந்ததும் பிறந்தது, ஊரில் ஒரு வீட்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர் வருகிறது. அதற்குச் சாமான் பொறுக்க அவரைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கூப்பிட்டவர் மாங்காய் மண்டி அருள்சாமி. பையன் மரியசூசையின் கல்யாணக் கேசட்டை வீட்டிலேயே வைத்து அழகு பண்ண வேண்டுமாம். மற்ற நேரத்தில் பையன் கேம்ஸ் ஆடிக்கொள்வானாம். அந்தக் கல்யாணத்தை எடுத்தவரும் சவுரியப்பன்தான்.

எது நல்லதோ அதை எடுங்கள், விலையைப் பார்க்காதீர்கள் என்று அருள்சாமி சொல்லிவிட்டார். இப்படிச் சொல்கிற மண்டிக்காரரை சவுரியப்பன் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அப்போதே மனுஷன் சுதாரித்திருக்க வேண்டும். எங்கே, சாமானைப் பார்த்த கண்ணுக்கு வேறு ஏதாவது தெரிந்தால்தானே.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இரண்டு அட்டைகள் செருகத்தான் இடம் என்றான் பெங்களூர்க்காரன்.

முதலாவதை சவுரியப்பன் யோசிக்காமல் எடுத்தார். ஓடுகிற படத்தின் மேல் எழுத்து, பூ, நட்சத்திரம் எல்லாம் தூவுகிற அட்டை அது.

அருள்சாமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சீர் வைக்கிற கட்டத்தை மொத்தமாக எடுத்துவிட வேண்டும், வெட்டின இடம் தெரியாமல் பூவைத் தூவி மூடிவிட வேண்டும் என்றார்.

சவுரியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. மருமகள் சகாயமேரியின் அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, செயின், வளையல், நெக்லஸ், வண்டிச் சாவி என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பெண் வீட்டார் பாயில் வைக்க வைக்க, கை கடுக்க நின்று எடுத்தவர் அவர்தானே. சீரை மைக்கில் சொல்லாவிட்டால் இந்தப் பக்கம் கல்யாணமே நடந்ததாகக் கணக்கில்லை. மண்டிக்காரர் ஆயிற்றே, வரி ஆபீஸுக்குப் பயப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வெட்டின கேசட் யாருக்கு என்று ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்தார்.

நல்லம்பள்ளியில் இருக்கிற அந்த அண்ணனுக்குத்தானாம். காப்பி கேட்டு ஆள் மேல் ஆள் அனுப்புகிறானாம். இதைத் தவிர வேறு காப்பி எங்கேயும் இருக்கக் கூடாதாம்.

சிரிப்பு பாதியில் நின்றது. சீர் கொடுத்தவனிடமே சீரை மறைப்பானேன்? கொடுத்ததற்குச் சாட்சி இருக்கக் கூடாது என்றால், நாளைக்கு அவன் அதைத் திருப்பிக் கேட்டு வருவான் என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தங்கச்சி வாழ்கிற வீட்டில் போய்ச் சீரைத் திருப்பிக் கேட்கிற அண்ணன் உண்டா?



இரண்டாவது எது என்று பெங்களூர்க்காரன் கேட்டான். மீதி இருந்தவை இரண்டு. ஒன்று செருகினால் பெரிய பெரிய கேம்ஸ் எல்லாம் ஓடும். இன்னொன்று, ஓடுகிற படத்தைச் சட்டென்று நிறுத்தி ஒரு முகத்தை மட்டும் தனியாகப் பிடித்துக் கொடுக்கும். மரியசூசை கேம்ஸ் அட்டையைக் கேட்டான். அருள்சாமி தலையாட்டி மறுத்துவிட்டு சவுரியப்பன் பக்கம் திரும்பினார். கோயிலில், பூசை நேரத்தில், மருமகள் தனியாகத் தெரிகிற இடமாகப் பார்த்து ஒன்று பிடிக்க வேண்டும் என்றார்.

"முகம் மட்டும் போதுங்க. கீழ பேரும் பொறந்த வருசமும் போட்டு, பக்கத்துல கொஞ்சம் எடம் உட்டுடுங்க. எங்கம்மா படத்துல இருக்குதே, அது மாதிரி."

சவுரியப்பன் நிமிர்ந்து பார்த்தார். சுவரில் மாலை போட்ட படம். செத்துப்போன அந்த அம்மாளின் பேருக்குக் கீழே பிறந்த வருடமும் செத்த வருடமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

அந்த நேரம் பார்த்து சகாயமேரி காபியோடு வந்தாள். உன் படத்தைப் பெருசா மாட்டப்போறம், என்ன வருசம்மா நீ பொறந்தது என்று அருள்சாமி ஆசையாகத்தான் கேட்டார்.

அறுபத்தொன்பது என்றாள் அவள். தன்னைப் படம் பிடித்துப் பெரிதாக மாட்டப் போகிறார்கள் என்றதும் அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் வெட்கம். தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மாமா, எங்கண்ணனுக்கும் ஒண்ணு அனுப்பலாங்களா?"

"அனுப்பாம இருப்பமாம்மா."

அவள் சந்தோஷமாக உள்ளே போனாள்.

சவுரியப்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். ஒரிஜினல் கேசட் தன் வீட்டில் மனைவி தெரசாவிடம் இருக்கிறது, போய் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். எடுத்துக்கொண்டு நேராக நல்லம்பள்ளி பஸ் ஏறுவது, அந்த அண்ணன் கையில் கொடுத்து, உடனே வந்து தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்வது. கர்த்தரே, வெளியே மட்டும் விட்டுவிடு.

மரியசூசை கேம்ஸ் ஆடுகிற குச்சியை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"நீங்க எதுக்குங்கண்ணா அலையறீங்க. காலையிலயே உங்க வூட்டுக்குப் போயி, தெரசாக்காகிட்ட வாங்கிட்டு வந்துட்டேன். உங்க பாப்பா தெருவுல தனியா வெளையாடிட்டு இருந்துச்சு."

கேசட் அவன் மடியில் இருந்தது.

சவுரியப்பன் மறுபடி உட்கார்ந்தார். இரண்டாவது எது சார் என்று பெங்களூர்க்காரன் திரும்பவும் கேட்டான்.

முகத்தை நிறுத்திப் பிடிக்கிற அட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.