பச்சை கேட் வயலின்

2015 டிசம்பர் 2ஆம் தேதி முடிச்சூரில் வெள்ளம் தரைத்தள ஜன்னல்களை மூழ்கடித்தது. தெருக்கோடியில் இருக்கும் பச்சை கேட் வீடு அன்றிலிருந்து பூட்டிக் கிடக்கிறது.

அந்த வீட்டில் ஒரு பேய் வயலின் வாசிக்கிறது என்பது கேஷவுக்கு நிச்சயமாகத் தெரியும். இன்று விடிந்ததும் அந்தப் பேயைச் சார்ஜ் போட்டு எடுத்துவந்து, கேட்டுக்கு உள்பக்கம் செம்பருத்திப் புதரில் ஒளித்துவைத்தவனே அவன்தான்.

தீப்பெட்டி அளவு ப்ளூடூத் ஸ்பீக்கர் அது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவன் நடத்தும் ‘தாம்பரம் இசை நடை’ மேற்குத் தாம்பரத்தில் தொடங்கும். ஒரு சர்ச் கொயர், ஒரு பேண்டு செட் கடை, ஒரு வயலின் வகுப்பு என்று நின்று நின்று வந்து, கடைசியில் இந்தப் பச்சை கேட் முன்னால் முடியும். பாதிப் பேர் வருவதே இந்தக் கேட்டுக்காகத்தான்.

இன்றைக்கு அனுப்பிரியாவும் வந்திருந்தாள். டிசம்பர் கலைவிழாக் குழுவைச் சேர்ந்தவள். அவளுக்குப் பிடித்துவிட்டால் விழாவில் கேஷவின் நடைக்கு ஓர் இடம் உண்டு. பார்த்த வேலையை விட்டுவிட்டு இதையே நம்பியிருப்பவனுக்கு இன்று எதுவும் பிசகக் கூடாது.

பிசகினால் அது கோவிலம்பாக்கத்திலிருந்து தனியாக வந்திருந்த அந்த அம்மாவால்தான் இருக்கும் என்று பட்டது. ஐம்பது வயதிருக்கும். ஒவ்வொரு இடத்திலும் அதே கேள்வி.

“தம்பி, வயலின் நிஜமாவே கேக்குமா? உங்க பேஜ்ல போட்டிருந்தீங்களே.”

“கண்டிப்பா கேக்கும் ஆன்ட்டி. இதுவரைக்கும் ஏமாத்தினதே இல்ல.”

“ஏம்பா, பேய்க்கு சண்டே கூட லீவு கிடையாதா?” என்றார் அந்தோணிசாமி. தாம்பரத்து சர்ச் கொயரில் பாடுகிறவர், அங்கிருந்து நடையில் சேர்ந்துகொண்டவர். “எங்க கொயர்ல நாலு பேர் போய்ச் சேந்துட்டானுங்க. ஒருத்தனும் பிராக்டீஸுக்குத் திரும்பி வரல. உயிரோட இருந்தப்பவே வரமாட்டானுங்க, அது வேற விஷயம்.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

வயலின் வகுப்பில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, வலது காலைக் கொஞ்சம் முன்னே நகர்த்தி, வயலினின் தலையைக் கணுக்காலில் முட்டுக்கொடுத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவருடைய வலது கணுக்காலில் கறுத்துப்போன தடிப்பு ஒன்று தெரிந்தது. செருப்பு கடித்திருக்கும் என்று நினைத்தான் கேஷவ்.

“இன்னும் ரொம்ப தூரம் நடக்கணும் ஆன்ட்டி. ஆட்டோ சொல்லட்டுமா?”

“வேண்டாம்ப்பா. நடந்தே வரேன்.”

பச்சை கேட் வந்ததும் கேஷவ் குரலைத் தாழ்த்தினான். தெருமுனையில் இஸ்திரி போடுபவர் சொன்ன அரைக் கதையை அவனே முழுக் கதையாக்கி வைத்திருந்தான்.

“இங்க ஒரு வயலின் டீச்சர் இருந்தாங்க. பேரு ஹேமாவதி. வெள்ளத்தன்னிக்கு போட் வந்துது. ஏறி உக்காந்துட்டாங்க. அப்பதான் வயலின் உள்ளயே இருக்குன்னு ஞாபகம் வந்துது. திரும்பிப் போனாங்க.” நிறுத்தினான். “அவங்க வரவே இல்ல. வயலின் மட்டும் இன்னும் கேக்குது.”

சட்டைப் பைக்குள் விரல் போனை அழுத்தியது. வீட்டுக்குள்ளிருந்தே வருவதுபோல் வயலினில் சுபபந்துவராளி ராகம் மெல்ல எழுந்தது. அந்தோணிசாமியின் கை தன்னையறியாமல் சிலுவை போட்டது.

“ஐயோ, கையெல்லாம் பாருங்க, சிலிர்த்துடுச்சு!” என்று அனுப்பிரியா கிசுகிசுத்தாள். “கேஷவ், இது கண்டிப்பா விழால இருக்கு.”

கேஷவுக்கு மூச்சு சீராக வந்தது. அந்த அம்மா மட்டும் கேட் கம்பியைப் பிடித்தபடி, தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வலது கை அசையாமல் தொங்கியது.

“இது அவ இல்ல,” என்றார்.

“என்ன ஆன்ட்டி?”

“இது யாரோ கச்சேரி வாசிக்கறவங்க. அவ இன்னும் வர்ணத்துக்கே வரலப்பா. கீதம்தான் வாசிப்பா.”

“யாரு?”

“வயலினை எடுக்கப் போனவ. டீச்சர் போட்லயேதான் உக்காந்திருந்தாங்க. ‘அம்மா, உன் வயலின்’னு சொல்லிக்கிட்டே இறங்கி ஓடினது அவங்க பொண்ணு. சின்மயி.”

கேஷவின் பார்வை தானாக அவருடைய வலது கணுக்காலுக்கு இறங்கியது. வகுப்பில் பிள்ளைகள் வயலினை முட்டுக்கொடுத்திருந்த அதே இடம். அது செருப்பு கடித்த தடம் இல்லை. வாரா வாரம் அவன் சாகடித்த ஹேமாவதி டீச்சர் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“கேஷவ், இன்னும் கொஞ்ச நேரம் கேக்குமா? வீடியோ எடுத்துக்கறேன்,” என்றாள் அனுப்பிரியா.

அவன் எல்லோரும் பார்க்கப் போனை வெளியே எடுத்து அழுத்தினான். பாட்டு நின்றது. கம்பிகளுக்கு இடையே கைவிட்டுப் புதரிலிருந்து ஸ்பீக்கரை எடுத்து நீட்டினான்.

“பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல மேடம். இதுதான்.”

அனுப்பிரியா ஸ்பீக்கரைப் பார்த்தாள், பிறகு அவனை. “அப்ப விழால வராது, ஸாரி,” என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் முணுமுணுத்தபடி டீக்கடைப் பக்கம் கலைந்தார்கள்.

அந்த அம்மா கேட்டை விட்டு நகரவில்லை. இவ்வளவு நேரம் சும்மா தொங்கிய வலது கை இப்போது தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடுவிரல்.

“மன்னிச்சிடுங்க ஆன்ட்டி,” என்றான் கேஷவ். “நான் ஸ்பீக்கரை அப்பவே ஆஃப் பண்ணிட்டேன்.”

அவர் திரும்பவில்லை. இடது கையை உயர்த்தி அவனை அடக்கினார்.

“சத்தம் போடாதப்பா. இப்பதான் ஆரம்பிச்சிருக்கா.”