ஜெயக்கொடிக்குக் கிடைத்த கோ

அந்த உயர்நிலைப் பள்ளியில் கோ-கோ அணிக்கு ஒன்பது பெண்கள்தான் தேறினார்கள். மரியபுஷ்பம் கல்குவாரிக் குட்டையில் மூழ்கி இறந்து ஒரு மாதம் கழித்து, மீதி எட்டுப் பேர் பயிற்சிக்கு வந்தார்கள். ஏழு பேர் வரிசையாகக் குந்தியிருக்க, ஒருத்தி துரத்தினாள். அவள் வந்து முதுகில் தட்டி ‘கோ’ என்றால்தான் அடுத்தவள் எழலாம். துரத்துபவள் மறுமுனையில் இருக்கும்போதே, கடைசியில் இருந்த ஜெயக்கொடி எழுந்து ஓடினாள்.

“உனக்கு யாருடி கோ கொடுத்தது?” என்று கேட்டார் விளையாட்டு டீச்சர் எமல்டா.

“மரியபுஷ்பம்தான் டீச்சர். முதுகுல அடிச்சா. அவ எப்பவும் ஓங்கித்தானே அடிப்பா?” என்றாள் ஜெயக்கொடி.

எமல்டா விசிலை வாயில் வைத்தார்; ஊதவில்லை. யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் மிச்சமிருந்த ஆறு பேரும் முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்கள்.